பிங் போயிட்டா பாஸா?

மெய்நிகர் கணினிகளை வச்சு நெட்வொர்க் பழகறவங்க நம்மில் நிறைய பேர் இருக்கீங்க. விர்ச்சுவல்பாக்ஸோ ஜி.என்.எஸ்.3-யோ போட்டு, நாலு ரவுட்டரை இணைச்சு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு பிங் போனதும் "லேப் முடிஞ்சது"ன்னு கடையைக் கட்டிடறோம். என்னைக் கேட்டா, லேப் அங்கேதான் ஆரம்பிக்குது. ஓடிக்கிட்டிருக்கற நெட்வொர்க்கை உடைச்சுப் பார்க்க எந்த ஆபீஸ்லயும் விடமாட்டாங்க. மெய்நிகர் கணினியில அந்த சுதந்திரம் இருக்கு. அதை வீணாக்கலாமா?

ஒரு நிஜ விபத்தையே எடுத்துக்குவோம். 2008 பிப்ரவரி 24. நாட்டுக்குள்ள யூடியூபைத் தடுக்கச் சொல்லி பாகிஸ்தானில் உத்தரவு. அதுக்காக பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 முகவரிகளுக்கு வழி தன்கிட்ட இருக்குன்னு பி.ஜி.பி.யில் அறிவிச்சுது. உள்நாட்டோட நின்னிருக்க வேண்டிய அறிவிப்பு, அவங்களுக்கு மேலே இருந்த பி.சி.சி.டபிள்யூ வழியா உலகம் பூரா பரவிடுச்சு. யூடியூப் அறிவிச்சிருந்ததோ 208.65.152.0/22, அதாவது 1024 முகவரிகள். பாகிஸ்தான் சொன்னது அதுக்குள்ள அடங்கின 256. ரெண்டு வழி இருந்தா, குறுகின வட்டத்தைச் சொல்ற வழியைத்தான் ரவுட்டர் எடுக்கும். விளைவு, ஏறக்குறைய 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் காலி.

இதை வீட்டுலயே நடத்திப் பார்க்க 4 மெய்நிகர் கணினி போதும். நடுவில் பி.சி.சி.டபிள்யூ, அதோட இணைஞ்ச யூடியூப், பாகிஸ்தான், ஒரு பார்வையாளர். டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ், ஆளுக்கு 512 எம்.பி. ரேம், இலவசமா கிடைக்கிற எஃப்.ஆர்.ரவுட்டிங். ஒவ்வொரு இணைப்பும் விர்ச்சுவல்பாக்ஸின் 'இன்டர்னல் நெட்வொர்க்'லயே இருக்கட்டும், வெளியே கசியக்கூடாது :-)

முதல்ல /22. பிங் போகுது. அப்புறம் பாகிஸ்தானிலிருந்து /24. பார்வையாளரோட பாதை திசை மாறும். இப்ப யூடியூபிலிருந்து ரெண்டு /25 அறிவிங்க, பாதை திரும்பி வந்துடும். அன்னைக்கு யூடியூப்காரங்களும் இதைச் செஞ்சாங்க. கடைசியா, பி.சி.சி.டபிள்யூவில் பாகிஸ்தானின் அறிவிப்புக்கு ஒரு வடிகட்டி போடுங்க. மொத்தக் கூத்தும் அதோட அடங்கிடும்.

இதுல ஒரு வேடிக்கை. இப்போதைய எஃப்.ஆர்.ரவுட்டிங், நீங்க விதி எழுதாத வரைக்கும் வெளி நெட்வொர்க்கோட பாதைகளை வாங்காது, கொடுக்காது. விபத்தை நடத்தணும்னா "எல்லாத்தையும் அனுமதி"ன்னு நீங்களே கைப்பட எழுதணும். அதை ஒருதடவை எழுதி, விளைவைக் கண்ணால பார்த்தவர், நிஜ ரவுட்டர் முன்னாடி உட்காரும்போது அந்த வரியை யோசிக்காம அடிக்க மாட்டார்.

"நிஜப் பெட்டியைத் தொடாம என்ன படிப்பு?"ன்னு சிலர் கேட்பாங்க. பாதி நியாயம்தான். நிஜ ரவுட்டரோட வேகம், அதிலுள்ள சிப்போட குணம், கேபிள் கோளாறு இதெல்லாம் மெய்நிகர் கணினியில தெரியாது. ஆனா 2008-ல் கேபிள் எதுவும் அறுந்து போகலை. தப்பு ஒரு அறிவிப்பில் இருந்துச்சு, அது பரவினது வடிகட்டி இல்லாததால. இந்த மாதிரி தப்பைப் படிக்க பெட்டி தேவையில்லை.

அதனால, சொல்லிக்கொடுக்கிற மக்களே, பிங் போனா பாதி மார்க் போதும். மீதியை, எதை உடைச்சான், எப்படிக் கண்டுபிடிச்சான், எப்படி மீட்டான்னு கேட்டுட்டுக் கொடுங்க. நீங்க உடைச்சுப் பார்த்த கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதிட்டுப் போங்க.