டக் டக்... கிரீச்! திருச்செந்தூர் கியர் சைக்கிள் என்ன சொல்கிறது?

வாங்கிய முதல் மாதம் தெருவுக்கே அதுதான் ராஜா. அகலமான டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்னால் ஏழு பல்சக்கரம். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஆலந்தலைக்கும் காயல்பட்டினத்துக்கும் காற்றாகப் பறப்பான். ஆறாவது மாதம் மெல்ல ஆரம்பிக்கும், 'டக்... டக்... டக்'. அப்புறம் ஒரு 'கிரீச்'சும் சேர்ந்துகொள்ளும். வருஷம் திரும்புவதற்குள் வண்டி மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிவிடும். "சத்தம் கேக்குப்பா, மிதிக்கவே முடியல" என்பான் பையன். "என்னல, எவ்வளவு ரூவா போட்டு வாங்குனது!" என்பார் அப்பா. கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து நிற்பார்.

இத்தனைக்கும் அந்தச் சத்தங்களில் பெரும்பாலானவை ஒரு ஸ்பேனர், கொஞ்சம் கிரீஸ், அரை மணி நேரத்தில் அடங்கிவிடுபவை. சில சத்தங்கள் மட்டும்தான் நிஜமாகவே பயப்பட வேண்டியவை. எது எது என்று பிரித்துத் தெரியாததுதான் சிக்கல்.

'மவுன்டன் பைக்' என்ற பெயரில் விற்கும் இந்த வண்டி பிறந்தது 1970-களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். மரின் கவுன்டி இளைஞர்கள் பழைய பட்டை டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் உருட்டி விளையாடியதில் தொடங்கியது அது. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மாடலைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு உலகமெல்லாம் பரவியது. திருச்செந்தூரில் சொல்லும்படி மலை இல்லை. ஆனால் மலைக்குக் குறையாத இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்பு, இன்னொன்று தேரி மணல்.

உப்பைப் பற்றி தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், அதற்கு இந்த மாவட்டத்து உப்பளங்கள்தான் முக்கியக் காரணம். ஆனால், பாத்தியில் இருக்கும் உப்பைவிடக் காற்றில் வரும் உப்புதான் சைக்கிளுக்கு ஆகாது. அலை உடையும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றோடு வந்து செயினிலும் போல்ட்டிலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அதாவது, மழையே பெய்யாமல், ராத்திரி முழுக்க உங்கள் வண்டி உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கும். மதுரையில் ஐந்து வருஷம் ஓடும் செயின் கடலோரத்தில் சீக்கிரமே செந்நிறமாவது இதனால்தான். கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

உடன்குடி, குதிரைமொழிப் பக்கம் தேரிக்காட்டுக்குள் வண்டியை விடுபவர்களுக்குச் செம்மணலும் சேரும். எண்ணெய் பிசுபிசுப்பில் அந்தப் பொடிமணல் ஒட்டிக்கொண்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி செயினையும் பல்சக்கரத்தையும் அரித்துவிடும்.

காதுதான் முதல் கருவி

சைக்கிள் சத்தத்தில் ஒரு ஏமாற்று உண்டு. ஃப்ரேம் என்பது உள்ளே வெறும் குழாய். சீட்டுக்கு அடியில் எழும் சத்தம் குழாய் வழியாக இறங்கி, பெடல் பக்கத்திலிருந்து வருவது போலக் கேட்கும். ஹேண்டில் பாரில் வருவதும் அப்படியே. 'பேரிங் போச்சு' என்று அவசரப்பட்டுச் செலவழித்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஆளில்லாத தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதலில், மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் சக்கரத்திலோ பிரேக்கிலோதான் கோளாறு. நின்றுவிட்டால் பெடல், கிராங்க், செயின் பக்கம் பார்க்கலாம். அடுத்து, சீட்டிலிருந்து எழுந்து நின்றபடி மிதியுங்கள். நின்றால் சத்தம் இல்லை, உட்கார்ந்தால் இருக்கிறது என்றால் சீட்டும் அதைத் தாங்கும் குழாயும்தான் குற்றவாளி. பிறகு எண்ணுங்கள். பெடல் ஒரு முழுச்சுற்று வரும்போது ஒரே ஒரு 'டக்' என்றால் பெடலோ கிராங்கோ. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் துள்ளினால், செயினில் ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்க மறுக்கிறது.

அந்த ஒற்றை 'டக்' மேல்தான் அதிக அக்கறை வேண்டும். அப்பா காலத்து ஹெர்குலிஸ், அட்லஸ் வண்டிகளில் இதே சத்தம் வந்தால், 'காட்டர் தேஞ்சிருக்கு' என்று கடைக்காரர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிப் புது காட்டர் பின் போட்டு அனுப்பிவிடுவார். இன்றைய கியர் வண்டிகளில் காட்டர் கிடையாது. சதுரமான இரும்பு அச்சில் கிராங்கைச் செருகி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். போல்ட் தளர்ந்த நிலையில் தொடர்ந்து மிதித்தால், கெட்டியான இரும்பு அச்சு மெதுவான அலுமினியத்தைக் குடைந்து, சதுர ஓட்டையை வட்டமாக்கிவிடும். அதன்பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்கையே மாற்ற வேண்டும். முதல் நாளே ஒரு திருகில் முடிந்திருக்க வேண்டிய வேலை இப்படித்தான் ஆயிரங்களில் போய் நிற்கிறது.

பரிசோதனை எளிது. இரண்டு கிராங்கையும் கையில் பிடித்து, ஃப்ரேமை நோக்கி உள்ளேயும் வெளியேயும் அசைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்து போல்ட் தளர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தால் போல்ட் தெரியும். 14 சைஸ் பாக்ஸ் ஸ்பேனரோ 8 சைஸ் ஆலன் கீயோ போதும். இரண்டு பக்கமும் கடிகாரம் சுற்றும் திசையிலேயே இறுகும். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் உள்ளே இருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. அது கடைக்காரர் வேலை, அதற்கென்று தனி டூல் உண்டு.

கிராங்க் கெட்டியாக இருந்தும் 'டக்' நிற்கவில்லையா? பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். இங்கேதான் பலர் தப்பு பண்ணுகிறார்கள். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் திருகினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் திருக வேண்டும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. விமானம் பறக்கவிடுவதற்கு முன்பு சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களும் தங்கள் வண்டிகளில் இந்த மரையைப் பயன்படுத்தினார்கள். தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் காட்டினால் மரை அறுந்து கிராங்க் வீணாகும். பெடல் அச்சின் நுனியில் 'ஆர்', 'எல்' என்று எழுத்து இருக்கும், பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சீட் குழாய் பிரச்னை இன்னும் சுலபம். உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, குழாயை வெளியே உருவி, உள்ளேயும் வெளியேயும் துணியால் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவி மறுபடி இறக்க வேண்டும். கடலோரத்தில் இதைச் சத்தம் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வது நல்லது. ஃப்ரேம் இரும்பு, சீட் குழாய் அலுமினியம் என்றால், நடுவில் உப்பு ஈரம் இறங்கும்போது இரண்டு உலோகமும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பையன் ஒரு சாண் வளர்ந்திருப்பான், சீட் ஒரு இஞ்ச் ஏறாது!

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டு நாள் சத்தம் அடங்கும், அப்புறம் மணலைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டாகச் செயின் ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். ஆயில் உள்ளே இருக்க வேண்டும், வெளியே அல்ல. துரு நீக்கும் ஸ்பிரே துருவைத்தான் நீக்கும், ஆயிலுக்கு மாற்று ஆகாது.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்கூல் பையில் இருக்கும் 12 இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 12-ல் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்க வேண்டும். இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும்.

டிஸ்க்கில் சக்கரம் சுற்றும்போதெல்லாம் 'சர்... சர்...' கேட்டால், காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, பிரேக் லிவரை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். சத்தம் வருகிறதே என்று டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடாதீர்கள். பிரேக் பிடிக்காது, பேடையே தூக்கிப் போட வேண்டி வரும். கியர் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின் கியரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகை இடப்பக்கமாக அரைச்சுற்று திருப்பிப் பாருங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்த பிறகு வந்த கோளாறு என்றால் கியர் தொங்கும் தகடு வளைந்திருக்கும், அதைக் கடையில்தான் நிமிர்த்த வேண்டும்.

இவற்றுக்கு மட்டும் வண்டியை நிறுத்துங்கள்

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது, ஹேண்டிலுக்குக் கீழே 'லொடக் லொடக்' என்று ஆட்டம் தெரிந்தால், சரிசெய்யாமல் தூத்துக்குடி ரோட்டில் ஏறக் கூடாது. லாரியும் பேருந்தும் உரசிப் போகும் ரோடு அது. பிரேக் லிவர் ஹேண்டில் பாரைத் தொடும் அளவுக்குப் போனாலும் அப்படியே.

அதைவிட மோசமானது வெடிப்பு. ஹேண்டில் குழாயும் ஃப்ரேமும் சேரும் வெல்டிங், கிராங்குக்கு மேலே உள்ள வெல்டிங், சீட் கிளாம்ப் பக்கம் மூன்றையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் துருக்கசிவு அல்லது கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த வண்டியில் ஏறவே வேண்டாம். அலுமினியம் இரும்பைப் போல முதலில் வளைந்து எச்சரிக்காது, ஒரு நாள் 'பட்'டென்று போகும். மேலே வெல்டிங் வைத்து ஒப்பேற்றும் யோசனையும் ஆபத்தானதுதான்.

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ, மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. அந்த வண்டிகளில் கியரும் டிஸ்க்கும் இல்லை. ஆனால், கடலோரத்தில் உப்பு இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கடற்கரைக்கோ தேரிக்கோ போய்வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு ஆயில் விடுவதுதான் இரண்டுக்கும் வழி. பைக் வாட்டர் சர்வீஸில் பிரஷர் போட்டு அடிக்க வேண்டாம், பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸை விரட்டிவிட்டுத் தண்ணீர் குடியேறும்.

கடைக்குப் போக வேண்டியிருந்தால், "சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் பாவம், வண்டி மொத்தத்தையும் பிரித்து ஓவராயில் பண்ணத்தான் யோசிப்பார். "வலது காலை அழுத்தும்போது மட்டும், உக்காந்தாலும் நின்னாலும், ஒரு சுத்துக்கு ஒரு தடவை டக்குங்குதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கிராங்கைத்தான் பிடிப்பார்.