புதைக்கப்படாத தாலந்து



மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் வரும் மூன்றாம் ஊழியன் தன் தாலந்தைக் குடித்து அழிக்கவில்லை; சூதாடித் தோற்கவுமில்லை. மண்ணைத் தோண்டிப் பத்திரமாகப் புதைத்து வைத்தான். தலைவன் கணக்குக் கேட்டபோது அவன் சொன்ன காரணம் ஒன்றுதான்: அச்சம்.

அந்த ஊழியனாவது தன் கையில் கொடுக்கப்பட்டதைத்தான் புதைத்தான். பிறர் கையில் கொடுக்கப்பட்டதை, அதுவும் நம் பிள்ளைகளின் கையில் இறைவன் கொடுத்ததை, நம்முடைய அச்சத்தினால் நாம் புதைத்துவிட்டால் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் யார்? பெற்றோர் அனைவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதற்கு விடைதேடத் துணையாக, கனடா நாட்டுப் பெண்மணி ஒருவருடைய வாழ்க்கையை இத்திங்கள் உங்கள்முன் வைக்கிறேன். அவருடைய பெயர் ஹேலி விக்கன்ஹைசர். அவரைப் புனிதையாகக் காட்டுவது என் நோக்கமன்று. ஒரு சிறுமியின் திறமை எவ்வாறு காக்கப்பட்டது, பின்னர் அது யாருக்குப் பயன்பட்டது என்பதைக் காண்பதே நோக்கம்.

கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில் ஷானவன் என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள்தொகை 2,000-ஐக்கூட எட்டாத ஊர். அங்கு 1978ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஹேலி பிறந்தார். அப்பகுதியின் குளிர் நம் கற்பனைக்கு எட்டாதது. வீட்டுப் பின்புறத்தில் நீரைப் பாய்ச்சி விட்டால் ஓரிரவிலேயே உறைந்து விடும். இரவுக்கு இரவு நீர் ஊற்ற ஊற்றத் தளம் கனத்து, கண்ணாடிபோல் ஆகிவிடும். அத்தளத்தின்மேல் சறுக்குக் காலணி அணிந்து, நீண்ட மட்டையால் ரப்பர் வட்டு ஒன்றை அடித்து விளையாடுவதே ஐஸ் ஹாக்கி. நம் சிறுவர்க்குத் தெருக் கிரிக்கெட் எப்படியோ, கனடாச் சிறுவர்க்கு இது அப்படி.

சிறுவர்க்கு என்றேன், சிறுமியர்க்கு அன்று. 1980களில் ஷானவன் போன்ற ஊரில் சிறுமியர்க்கெனத் தனி அணி கிடையாது. எனினும் ஹேலியின் தந்தை வீட்டுப் பின்புறத்தில் மகளுக்காகப் பனித்தளம் அமைத்துக் கொடுத்தார். அவள் சிறுவர் அணிகளில் சேர்ந்து விளையாடினாள். தலைக்கவசத்துக்குள் கூந்தலை மறைத்துக்கொண்டு ஆடிய நாட்களும் உண்டு. பெண்பிள்ளை ஒருத்தி தங்கள் மகன்களை முந்துவதைச் சகியாத பிற பெற்றோரின் கசப்பான சொற்கள் அவள் காதில் விழுந்தன. அச்சொற்கள் அவளைப் பெற்றவர்களின் காதிலும் விழாமலா இருந்திருக்கும்? மட்டையைப் பிடுங்கி வைத்து, "போதும், வீட்டுக்குள் வா" என்று சொல்வது அவர்களுக்கு எளிதாய் இருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை.

1990ஆம் ஆண்டில்தான் பெண்களுக்கான முதல் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி கனடாவின் ஒட்டாவா நகரில் முறையாக நடைபெற்றது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1994இல், பதினைந்து வயதே நிரம்பிய ஹேலி கனடா தேசிய அணியில் இடம்பெற்றார். ஒலிம்பிக் விளையாட்டில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆடத் தொடங்கியது 1920இல். பெண்களுக்கு அவ்வாய்ப்புக் கிடைத்தது 1998இல், ஜப்பானின் நகானோ நகரில். எழுபத்தெட்டு ஆண்டுகள் கதவு மூடியிருந்தது. கதவு திறந்தபோது ஆயத்தமாய் நின்றவர்களுள் ஹேலியும் ஒருவர். பின்புறத்துப் பனித்தளம் இல்லாதிருந்தால் அந்நாளில் அவர் அங்கு நின்றிருக்க இயலுமோ?

எனினும் முதல் ஒலிம்பிக் வெற்றியைத் தரவில்லை. இறுதியாட்டத்தில் அமெரிக்க அணி 3-1 என்ற கணக்கில் வென்றது. கனடாவுக்கு வெள்ளிப் பதக்கம். 2002இல் சால்ட் லேக் நகர ஒலிம்பிக் வந்தபோது நிலைமை இன்னும் கடினமாயிற்று. அதற்குமுன் அமெரிக்க அணியுடன் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் கனடா தோற்றிருந்தது. ஆனால் இறுதியாட்டத்தில் 3-2 என்று வென்றது. அப்போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெருமை ஹேலிக்குக் கிடைத்தது. 2006இல் தூரின் நகரிலும் அதே பெருமை அவரைத் தேடி வந்தது. இதற்கிடையே, 2003இல், பின்லாந்து நாட்டில் ஆண்களின் தொழில்முறை அணி ஒன்றில் சேர்ந்து ஆடினார். ஆண்களின் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்த முதல் பெண் அவரே.

2010இல் சொந்த நாட்டின் வான்கூவர் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் அவர். 2014இல் சோச்சி நகரில் கனடாவின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவர். இறுதியாட்டம் முடிய மூன்றரை நிமிடம்வரை கனடா 0-2 என்று பின்தங்கி நின்று, பின்னர் இரு கோல்கள் அடித்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது அங்குதான். ஐந்து ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கிப் போட்டிகள். நான்கு தங்கம், ஒரு வெள்ளி. உலகப் போட்டிகளில் ஏழு தங்கம். நாட்டுக்காக 276 ஆட்டங்கள், 168 கோல்கள். 2017 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். 2019இல் டொராண்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தில் இதை எழுதியிருக்க மாட்டேன். பதக்கங்கள் பெற்றோர் பலர். சிறுவயதிலேயே மருத்துவராக வேண்டும் என்ற ஆசை ஹேலியின் உள்ளத்தில் இருந்தது. ஆடிக்கொண்டே கால்கரிப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஓய்வு பெற்ற 2017ஆம் ஆண்டிலேயே, மற்றவர் தம் புகழின் நிழலில் இளைப்பாறும் வயதில், அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவியாய் அமர்ந்தார். வகுப்பில் பலர் அவரைவிட மிக இளையவர்கள். உலகம் கைதட்டிய ஒருவர் மீண்டும் ஒன்றாம் பாடத்திலிருந்து தொடங்குவதற்கு எத்தகைய தாழ்ச்சி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் 2020 மார்ச்சுத் திங்கள் வந்தது. கொரோனாக் கொள்ளைநோய் நாடு நாடாகப் பரவியது. ஆயினும் டோக்கியோ ஒலிம்பிக் குறித்த காலத்தில் நடைபெறும் என்றே அனைத்துலக ஒலிம்பிக் குழு சொல்லிவந்தது. அக்குழுவின் விளையாட்டு வீரர் ஆணையத்தில் ஹேலியும் ஓர் உறுப்பினர். தமக்கு எல்லாச் சிறப்பையும் தந்தது அந்த ஒலிம்பிக்தான். ஆனால் மார்ச்சு 17ஆம் நாள் அவர் வெளிப்படையாகப் பேசினார். இந்நெருக்கடி ஒலிம்பிக்கைவிடப் பெரியது, இந்நிலையில் பிடிவாதம் காட்டுவது மனிதத் துயரை உணராத பொறுப்பற்ற செயல் என்னும் பொருள்பட எழுதினார். தாம் அமர்ந்திருக்கும் அவையை நோக்கியே இவ்வாறு சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! ஒரு வாரம் கழித்து, மார்ச்சு 24ஆம் நாள், ஒலிம்பிக் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த திங்களிலேயே அவர் மருத்துவ ஊழியர்களுக்கு முகக்கவசமும் பாதுகாப்பு உடைகளும் திரட்டும் பணியில் முனைந்து நின்றார். 2021இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஒரு காலத்தில் கோல் அடிக்கக் கற்ற கைகள் இன்று நோயாளியின் நாடியைப் பிடிக்கின்றன. பனித்தளத்தில் பிறரது ஏளனத்துக்கு அஞ்சாதிருக்கப் பழகிய சிறுமிதான், பின்னாளில் பெரியோர் அவையில் உண்மை பேச அஞ்சாத பெண்ணாய் நின்றாள். தாலந்து இவ்வாறுதான் பெருகுகிறது. ஆட்டத்தில் கற்ற உழைப்பும் பொறுமையும் துணிவும் வேறொரு களத்தில் வட்டியோடு திரும்பி வருகின்றன. 2010 முதல் இளம் பெண்களுக்கென அவர் ஹாக்கி விழா ஒன்றையும் தொடங்கி நடத்தியிருக்கிறார். கூந்தலை மறைத்து ஆடிய சிறுமி, இனி யாரும் மறைக்க வேண்டாத ஓரிடத்தை அமைத்தாள்.

பெற்றோரே, உங்கள் அச்சம் பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பெண்பிள்ளையின் பாதுகாப்பு, செலவு, ஊராரின் பேச்சு, நாளைய வாழ்வு இவையெல்லாம் உங்கள் உறக்கத்தைக் கெடுப்பதை அறிவேன். ஆனால் அன்புள்ள அச்சத்துக்கு ஒரு வேலை உண்டு. அது பிள்ளைக்குத் தலைக்கவசம் அணிவிக்கும். வீட்டருகிலேயே தளம் அமைத்துக் கொடுக்கும். உடன் சென்று காத்திருக்கும். மண்ணைத் தோண்டும் அச்சமே ஆண்டவர் கண்டித்த அச்சம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். உவமையில் ஐந்து தாலந்து பெற்றவனுக்குக் கிடைத்த அதே பாராட்டுத்தான் இரண்டு தாலந்து பெற்றவனுக்கும் கிடைத்தது. உங்கள் மகள் ஒலிம்பிக் செல்ல வேண்டியதில்லை. அவளுக்கு வாய்த்தது பாட்டாயிருக்கலாம், கணக்காயிருக்கலாம், ஓட்டமாயிருக்கலாம், நோயுற்றோர்பால் இரக்கமாயிருக்கலாம். அது சிறிதா பெரிதா என்று அளப்பது நம் வேலையன்று. புதைக்காதிருப்பதே நம் வேலை.

வருகின்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், உணவு மேசையில் உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உனக்கு என்ன செய்தால் உள்ளம் மகிழ்கிறது?" விடையைக் குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். அவ்விடைக்குள் இறைவன் உங்கள் வீட்டில் ஒப்படைத்த தாலந்து ஒன்று இருக்கக்கூடும்.

அதைக் கண்டறியும் ஒளியையும், காக்கும் துணிவையும் ஆண்டவர் உங்கள் இல்லங்களுக்கு அருள்வாராக!