வமிசாவளியும் வெற்றிக் கிண்ணமும்

குலம் வினவுதல் மனிதர்க்கே உரிய வழக்கமென எண்ணியிருப்பார் பலர். நாய்க்கும் குலமுறை கிளத்தும் ஏடுகள் உண்டென்பதையும், அவ்வேட்டிற் பெயர் பெறாத நாய் எத்துணை நற்குணம் உடையதாயினும் சில அரங்குகளில் அடிவைக்கவும் உரிமையற்றதென்பதையும் அறிவார் வியப்பெய்துவர். டெரியர் என்னும் நாயினத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, குலச்சீட்டால் விளைந்த நன்மை தீமைகளை ஆராய்ந்து, நம் தமிழ்நாட்டு நாய்கள்பால் நாம் ஒழுகவேண்டிய முறை இஃதென எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நாயைப் பற்றி எழுதுதல் கல்லூரி மலருக்குத் தகுமோ என்று ஐயுறும் அன்பர்கட்கு ஒன்று கூறுவோம். தொல்காப்பியனார் தம் மரபியலில் நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை ஓத மறந்தாரல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் நாட்டப்பெற்ற நடுகல், வீரன் ஒருவனோடு அவன் நாயையும் பொறித்துக் காட்டுகின்றது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. கோவிவனுடைய தந்தை யார், தாய் யார் என அக்கல் கூறவில்லை; அது செய்த செயலையே கூறிற்று. இவ்வேறுபாட்டை அன்பர்கள் உள்ளத்திற் கொள்க.

டெரியர் என்னும் பெயர் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. நரி, வளைக்கரடி, எலி முதலியவற்றைத் தேடி மண்ணுள் நுழைந்து பொருதல் அந்நாயின் தொழில். சிறிய உடல், குறுகிய மார்பு, அஞ்சா நெஞ்சு, வலிய தாடை ஆகிய இவையெல்லாம் அத்தொழிலுக்கென்றே அமைந்தன. நரியொடு போராடி வளையினின்று வெளிப்படுங்கால், வேட்டை நாய்கள் அதனையே நரியென மயங்கிக் கடித்துவிடாமைப் பொருட்டு வெண்ணிறமே சிறந்ததெனக் கொண்டனர். எனவே நிறமும் தொழில்பற்றி வந்ததேயன்றி அழகுபற்றி வந்ததன்று.

இவ்வினத்தாரில் பெயர்பெற்ற ஒரு கிளைக்கு மூலவர் ஓர் ஆங்கிலப் பாதிரியார். ஜான் ரஸ்ஸல் என்னும் அவர் 1795-ஆம் ஆண்டிற் பிறந்து 1883-ஆம் ஆண்டில் மறைந்தவர். டெவன் நாட்டு ஸ்விம்பிரிட்ஜ் திருச்சபையில் நெடுங்காலம் ஊழியம் புரிந்தவர். 1819-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டில் நம்மனைய மாணவராய் இருக்குங்கால், பால்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பெண்ணாயை விலைக்கு வாங்கினார். ட்ரம்ப் எனப் பெயரிய அந்நாய்க்குக் குலச்சீட்டு இல்லை. பால்காரர் வாயிலில் நின்ற நாய் என்பதே அதன் குலம். ஆயினும் அதன் வழித்தோன்றல்களே பின்னாளில் அப்பாதிரியார் பெயரால் உலகெங்கும் வழங்கலாயின.

நிற்க. நாய்களை நிரல்பட நிறுத்திப் பரிசளிக்கும் காட்சி 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் தொடங்கியதென்ப. 1873-ஆம் ஆண்டில் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டே வமிசாவளிப் பேரேட்டின் முதல் தொகுதியை வெளியிட்டது. ரஸ்ஸல் பாதிரியார் அக்கழகத்தின் தொடக்க உறுப்பினருள் ஒருவர்; 1874-ஆம் ஆண்டில் கிரிஸ்டல் பாலஸ் காட்சியில் நரி டெரியர்கட்கு நடுவராகவும் அமர்ந்தார். எனினும் தம் நாய்களைக் காட்சிக்கு அனுப்ப அவர் விழைந்திலர். அவற்றுக்குரிய அரங்கு வயலும் புதருமே என்பது அவர் கொள்கை. விந்தை யாதெனில், அக்கழகத்தை நிறுவியோருள் ஒருவரான அவருடைய பெயர் தாங்கிய நாய்களை அக்கழகமே ஏற்றுக்கொள்ள நூறாண்டுகட்கு மேலாயின. பார்ஸன் ரஸ்ஸல் என்னும் வகை 1990-ஆம் ஆண்டிலும், ஜாக் ரஸ்ஸல் என்னும் வகை 2016-ஆம் ஆண்டிலுமே ஏட்டில் இடம்பெற்றன.

இனிக் காட்சி அரங்கின் புகழை நோக்குவோம். சார்லஸ் கிரப்ட் என்பார் 1886-ஆம் ஆண்டில் லண்டனில் நடத்திய முதற் காட்சி டெரியர்கட்கே உரியதாய் இருந்தது. அமெரிக்க நாட்டில் வெஸ்ட்மின்ஸ்டர் காட்சி 1877-ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகின்றது. அங்கே அனைத்தினும் சிறந்தது என்னும் பரிசு 1907-ஆம் ஆண்டில் முதன்முதல் ஏற்பட்டபோது, அதனைப் பெற்றது வாரன் ரெமடி என்னும் மென்மயிர் நரி டெரியர்ப் பெண்ணாய். 1908, 1909 ஆகிய ஆண்டுகளிலும் அதுவே அப்பரிசைப் பெற்றது. மும்முறை அப்பரிசு பெற்ற நாய் அஃதொன்றே. 2019-ஆம் ஆண்டில் கிங் என்னும் நாய் வென்றபோது, கம்பிமயிர் நரி டெரியர் வகை அம்மேடையிற் பெற்ற வெற்றிகள் 15 ஆயின. அரங்கில் டெரியருக்கு நிகர் பிறிதில்லை என்று கூறின் அது மிகையன்று.

இவ்வெற்றிகளை நாம் இகழ்கின்றோமல்லோம். ஒரு நாயை நன்கு ஊட்டி, மயிர் நீவி, நடை பயிற்றி, பல்லாயிரவர் நடுவே நடுங்காது நிற்கச் செய்தல் சிறு செயலன்று. ஆயின் நடுவரின் கண் காண்பது யாது? தலையின் அமைப்பு, முதுகின் நேர்மை, காலின் நடை, மயிரின் தன்மை ஆகியவை. கண் காணாதது யாது? குருதியுள் மறைந்து கிடக்கும் குறை. பரிசு பெற்ற ஆண் நாயொன்றைத் தேடிப் பலரும் தம் பெண்ணாய்களைக் கொண்டு செல்வர். சில தலைமுறைகளில் அவ்வினம் முழுவதும் அவ்வொரு நாயின் பேரப்பிள்ளைகளாய் விடுகின்றது. ஐந்து தலைமுறை கொண்ட குலச்சீட்டில் முன்னோர் இடங்கள் 62 உள. 62 இடங்களிலும் 62 வேறு நாய்கள் இருத்தல் வேண்டும். ஒரே வெற்றி நாயின் பெயர் அவற்றுள் மீண்டும் மீண்டும் வருமாயின், அச்சீட்டு மினுமினுக்கும், அந்நாயோ மெலியும்.

இதற்குச் சான்று இரண்டு கூறுவோம். பெட்லிங்டன் டெரியர் என்பது இங்கிலாந்தின் வடபாலுள்ள சுரங்க ஊரொன்றின் பெயரால் வழங்குவது. ஆட்டுக்குட்டி போன்ற அழகிய தோற்றமுடையது. இவ்வினத்திற் பல நாய்களின் ஈரலிற் செம்பு சேர்ந்து உயிரை வாட்டியது. இக்குறையைத் தாயும் தந்தையும் ஒவ்வொரு பங்காக மறைவில் தாங்கியிருப்பின் அவை நோயின்றியே தோன்றும். அவற்றின் குட்டிகளுள்ளோ நாலில் ஒன்றிற்கு நோய் நேரக்கூடும். எந்த நடுவரும் இதனைக் கண்ணாற் காணவல்லரல்லர். 2002-ஆம் ஆண்டில் அக்குறைக்குரிய மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட பின்னரே, சோதனையால் குறையுடையவற்றைப் பிரித்தறிந்து இணைசேர்த்தல் எளிதாயிற்று. ஆங்கில வெள்ளை டெரியர் என்பது மற்றொன்று. தொழில்பற்றி வந்த வெண்மையைக் காட்சிக்காகவே வளர்த்தனர், முழுவெண்மை வேண்டினர், வெண்மை மிக்கது, செவிட்டுத்தன்மையும் மிக்கது. அவ்வினம் இன்று உலகில் இல்லை. ஓவியங்களில் மட்டுமே உள்ளது.

வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு யாதென வினவலாம். தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களே உட்செவியிலும் இருந்து கேட்டற்குத் துணைசெய்கின்றன. அவை செவிக்குள் இல்லாவிடின் பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியுணரும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்துபோம். ஆதலின் நிறத்தைக் கழித்து அழகைக் கூட்டுவோர் தம்மை அறியாமலே செவியையும் கழித்து விடுகின்றனர்.

இஃதெல்லாம் ஆங்கிலேயர் நாயின் கதையன்றோ, நமக்கென் என்னற்க. நம் தமிழ்நாட்டு இராசபாளைய நாய் பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்போனது. செவிடாய்ப் பிறக்கும் குட்டிகள் அவ்வினத்திலும் உள. கோம்பை நாய், சிப்பிப்பாறை நாய், கன்னி நாய் என்பனவும் நம்முடையனவே. டெரியர்கள் பள்ளத்தாக்கும் ஊரும்பற்றிப் பெயர் பெற்றாற்போல, இவற்றுட் பல ஊர்ப்பெயரே பூண்டுள்ளன. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகள் நான்கனுள் ஒன்று இராசபாளையத்திற்கு உரியது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலியுரையில் இவ்வினங்களைப் பெயர்சுட்டிப் போற்றினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பும் இவற்றைத் தன் காட்சிகளில் நிறுத்துகின்றது. புகழ் வந்துவிட்டது. புகழொடு விலையும் வந்துவிட்டது. டெரியர் நடந்து சறுக்கிய வழியிலேயே நம் நாய்களும் நடத்தப்படுமோ என்பதே எமது அச்சம்.

எம் ஊராகிய ஸ்ரீபெரும்புதூரில் இவ்வச்சத்திற்கு இடமுண்டு. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்த பின், ஒரகடம் வரைக்கும் வயல்கள் ஆலைகளாயின. பல நாட்டு இளைஞர் வாடகை அறைகளில் வந்து தங்கினர். தனிமைக்குத் துணையாக, குலச்சீட்டொடு கூடிய குட்டியெனச் சொல்லி விற்பனவற்றை மிக்க விலை கொடுத்து வாங்குவாருண்டு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புங்கால் அவற்றைச் சாலையோரத்தில் விட்டுச்செல்வாரும் உண்டு. மயிரடர்ந்த அயல்நாட்டு நாய் கத்திரி வெயிலில் லாரிகளுக்கிடையே நாத்தொங்க நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். அதன் குலச்சீட்டு ஏதோ ஓர் அறையின் குப்பையிற் கிடக்கும். அதே சாலையில், எச்சீட்டும் இல்லாத தெருநாய் தேநீர்க்கடை வாயிலைக் காத்து நிற்கும். இவ்விரண்டனுள் உயர்ந்தது எது என்பதை அன்பர்களே கூறுக.

அயல்நாட்டு இனங்களை ஒழித்து நாட்டு நாய்களையே வளர்ப்போமாக என்பார் ஒருசாரார். நம் வெப்பத்திற்கு நம் நாய்களே ஏற்றன என்பது உண்மை. ஆயினும் நாட்டுப்பற்று என்னும் பெயரால் பழைய குலச்செருக்கையே புதிய சட்டையில் கொணர்தலை நாம் ஒப்புகின்றிலேம். குலச்சீட்டே வேண்டா, ஏட்டைக் கிழித்தெறிக என்பார் மற்றொருசாரார். இதுவும் பொருந்தாது. தாயும் தந்தையும் இன்னவை என எழுதிவையாக்கால், நெருங்கிய உறவினுள் இணைசேர்வதைத் தடுத்தல் எங்ஙனம்? நோய் எக்கிளையினின்று வந்ததென அறிதல் எங்ஙனம்? ஏடு பகையன்று, ஏட்டைப் பெருமைக்குரிய அணியாகக் கொள்வதே பகை. வைத்தியன் கையிலுள்ள நோய்க்குறிப்பாக அது பயன்படுமாயின் அதனினும் நல்ல கருவியில்லை.

இவ்விடத்து வேறொன்றும் கூறாது மேற்செல்ல மனம் ஒருப்படவில்லை. நாய்க்கும் குதிரைக்கும் குலம் பார்க்கின்றோமே, மனிதர்க்குப் பார்த்தால் குற்றமென்ன என்று வாதிடுவாரை நாம் கேட்டிருக்கின்றோம். நாய்ப் பேரேடு அவர்க்குத் துணை செய்வதன்று, அவரை மறுப்பது. மூடிய குருதி மெலியும், வெளிக்குருதி கலந்தது வலியும் என்பதே 150 ஆண்டுக்கால ஏடுகள் காட்டும் உண்மை. ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமாநுசர், பிறப்பால் அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியைக் குருவாகப் போற்றினார் என்பது வரலாறு. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் உரைக்கும் வமிசாவளியிலும் மோவாபியப் பெண்ணாகிய ரூத்தின் பெயர் மறைக்கப்படாமல் நிற்கின்றது. பெரியோர் பிறப்பைக் குணத்திற்கு அளவுகோலாகக் கொண்டிலர். நாயின் செவியைக் கெடுத்த மடமையை மனிதரின் இதயத்திற் புகவிடுதல் அறிவுடைமையன்று.

ஆதலின் நாம் வேண்டுவன சில. முதலாவது, காட்சியிற் பரிசளிப்போர் தோற்றத்தொடு உடல்நலச் சான்றையும் கேட்டல் வேண்டும். ஐந்து வாரத்துக்கு மேற்பட்ட குட்டியின் செவியைக் கருவியாற் சோதித்தல் இன்று இயல்வதே. இராசபாளையக் குட்டிகட்கு அச்சோதனை வழக்கமாதல் வேண்டும். இரண்டாவது, நாட்டு நாய்களின் பேரேடு மூடப்படாதிருத்தல் வேண்டும். சிற்றூர்களில் வேட்டையும் காவலும் செய்துவரும் நல்ல நாய்கட்குச் சீட்டில்லை என்னும் காரணத்தால் வாயில் அடைக்கப்படல் ஆகாது. ட்ரம்ப் என்னும் பால்காரர் நாய்க்கு வாயில் அடைக்கப்பட்டிருப்பின், இன்று ஒரு புகழ்பெற்ற கிளையே இராது. மூன்றாவது, குட்டி வாங்குவோர் சீட்டைப் பார்த்தலோடு அமையாது, தாயைக் காட்டுக என்று கேட்டல் வேண்டும். நாய் வளர்த்து விற்போர் பதிவு பெறுதல் வேண்டும் என்பதும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்பதும் 2017-ஆம் ஆண்டு விதிகளிலுள்ளன; அவற்றை வாங்குவோர் அறிந்திருப்பின் விற்போர் அஞ்சுவர். நான்காவது, பத்துப் பன்னிரண்டு ஆண்டு காக்க இயலாதார் நாயை வாங்காதொழிதலே அந்நாய்க்குச் செய்யும் பேரறம்.

நம்முள் சிலர் கல்வி முடித்துத் தொழில்மேற் செல்வர். சிலர் ஒரகடத்து ஆலைகளுக்கே செல்லலும் கூடும். கையிற் பொருள் வந்தபின் குட்டியொன்று வாங்க விழைவும் எழும். அஞ்ஞான்று, இதன் தகப்பன் எத்தனை கிண்ணம் வென்றது என்று வினவுதற்கு முன், இதற்குக் காது கேட்குமா, இதன் தாய் நலமா, இதனை இறுதிவரை நாம் காப்போமா என்னும் மூன்று வினாக்களை வினவுவீர்களாக. கள்வரைக் கடித்து நின்ற நாய்க்குத் தமிழர் கல் நாட்டினர். அக்கல்லில் எழுதப்பெற்றது அதன் குலம் அன்று, அதன் செயலே என்பதை மறவாதிருப்போமாக.