ஸ்குரூவைத் திருக முதல் கொஞ்சம் கேளுங்க

எங்கட வீட்டு முற்றத்தில ஒரு மொரிஸ் மைனர் நிக்குது. மூத்தப்பாட கார். 1098 சிசி எஞ்சின், அதாவது 1962க்குப் பிறகு வந்த மாடல். போன வருசம் அதுக்கு ஒரு வருத்தம் பிடிச்சுது. ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கல்முனை மெயின் ரோட்டில பஸ்ஸுக்கு வழிவிட்டு நிறுத்தினால் போதும், முழு உடம்பும் நடுங்கும். கண்ணாடி சலசலக்கும். அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றே போகும். பின்னால் நிற்கிற ஓட்டோக்காரர்கள் எல்லாரும் ஹோர்ன் அடிப்பார்கள்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான். "இந்த எஞ்சினக் கழட்டி வீசிட்டு நிசான் எஞ்சின் ஒண்டப் போடு." இலங்கையில் இது புதுசும் இல்லை. எத்தனையோ மொரிஸ் மைனர்கள் இப்போது ஜப்பான் எஞ்சினோடுதான் ஓடுகின்றன. நான் அதுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பழசுமேல உள்ள பாசத்தில் சொல்லவில்லை. என்ன வருத்தம் என்று பார்க்காமலே வைத்தியம் சொல்கிற பழக்கம் எங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

முதலில் டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. பொனட்டைத் திறந்தார்கள், காபரேட்டரில் இரண்டு இடத்தில் திருகினார்கள், நடுக்கம் போய்விட்டது. காசையும் வாங்கினார்கள். மூன்றாம் நாள் பழைய நடுக்கம் திரும்பி வந்தது. இம்முறை கறுப்புப் புகையும் பெற்றோல் மணமும் சேர்ந்து. புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளும் கிட்ட வந்திருந்தது. அந்தச் சேர்ட்டிபிகேட் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது.

நடந்தது இதுதான். நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அதைத் தேடாமல், எஞ்சின் சும்மா நிற்கும்போது ஓடுகிற வேகத்தைக் கூட்டி, பெற்றோலையும் கூட்டி விட்டிருக்கிறார்கள். காய்ச்சல்காரனுக்கு பெனடோல் கொடுத்துக் கட்டிலில் இருந்து எழுப்பி விட்ட மாதிரி.

பிறகுதான் ஒரு பழைய பாஸிடம் போனேன். வயது எழுபதுக்கு மேல். என்னை மருமகன் என்றுதான் கூப்பிடுவார். பொனட்டைத் திறந்தவர் ஒரு ஸ்பனரையும் எடுக்கவில்லை. சும்மா நின்றார். நான் கதை சொல்லத் தொடங்க, "மருமகன், எஞ்சின் கதைக்குது. நீ கொஞ்சம் வாய மூடு" என்றார்.

பிறகு கையில் ஒரு தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஒன்றைக் கழற்ற எஞ்சின் தடுமாறியது. இரண்டும் அப்படித்தான், நாலும் அப்படித்தான். மூன்றைக் கழற்றினபோது ஒரு வித்தியாசமும் இல்லை. "இந்தா, இவன்தான் சும்மா இரிக்கான்." அந்த வயரில் நெருப்பு வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தார், அப்பவும் அதே கதை. ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து மற்ற நுனியை மேனிபோல்ட் ஓரமாகக் கொண்டு போனார். காற்று இழுக்கிற சத்தம் இல்லை. "சரி, நாளைக்கு சுபஹுத் தொழுதுட்டு வா. எஞ்சின் ஆறிக் கிடக்கணும்."

அடுத்த நாள் ரொக்கர் கவரைத் திறந்தார். இந்த எஞ்சினில் எட்டு வால்வ். ஆறிய நிலையில் ஒவ்வொன்றிலும் 12 தௌ இடைவெளி இருக்க வேண்டும், அதாவது 0.30 மில்லிமீற்றர். எதை எப்போது அளப்பது என்பதுக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை அள. ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். நாலாவதைத் திறக்க வைத்துவிட்டு ஐந்தாவதில் தகட்டை விட்டார், உள்ளே போகவில்லை. மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வ் அதுதான். இடைவெளியே இல்லாததால் சூடேறினதும் அது முழுசாக மூடுவதில்லை. வேகமாக ஓடும்போது கசிய நேரம் போதாது, அதனால் தெரியவில்லை. சும்மா நிற்கும்போது காட்டிக் கொடுத்துவிட்டது.

ஏன் இடைவெளி போனது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. அந்த ஈயம் வால்வ் உட்காருகிற இடத்துக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. இலங்கையில் 2002ல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளைக்கும் நரம்புக்கும் கேடு என்பதால் நிறுத்தினது நூறு வீதம் சரி. ஆனால் மெத்தை போனதால் அந்த இடம் மெதுவாகத் தேய்ந்து, வால்வ் மேலே ஏறி, இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இதுக்கு எஞ்சினை வீச வேண்டியதில்லை. அடிக்கடி அளந்து சரி செய்தால் பல காலம் ஓடும்.

வால்வுக்குப் பிறகு பிளக், 25 தௌ. பிறகு பொயின்ட், 15 தௌ. எங்கட கடல் காற்றுக்கு அது குழி விழுந்து கிடந்தது, புதுசு போட்டார். காபரேட்டரைத் தொட்டது கடைசியாகத்தான். அடியில் உள்ள பித்தளை நட்டை ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும் திருப்பினார். பிறகு உள்ளே இருக்கிற பிஸ்டனை நகக்கண் அளவு தூக்கிப் பார்த்தார். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் சாகப் பார்த்தால் குறைவு. கொஞ்சம் ஏறிப் பழையபடி வந்தால் சரி. முழு வேலைக்கும் வாங்கின சாமான் ஒரு பொயின்ட் செட், ஒரு ரொக்கர் கவர் கெஸ்கட், அவ்வளவுதான். புகைப் பரிசோதனையிலும் கார் பாஸ்.

ஜப்பான் எஞ்சின் போடுகிறவர்களின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. சாமான் லேசாகக் கிடைக்கும், இழுவையும் கூட. ஆனால் பழைய ட்ரம் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் பெரிசாக்குவது ஆபத்து. சாமான் கிடைக்காது என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ல்ஸ் வெயார் நடத்திய மொரிஸ் மைனர் சென்டருக்கே இலங்கையில் இருந்து பாகங்கள் செய்து அனுப்பியிருக்கிறார்கள். 2020ல் வாகன இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து 2025ல் திறந்துவிடும் வரைக்கும் பழைய வாகனங்களின் அருமை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. "வீசு" என்ற சொல் அந்த வருசங்களில் யார் வாயிலும் வரவில்லை.

எனக்கு உண்மையில் கவலை காரைப் பற்றி இல்லை. அந்த பாஸிடம் இப்போது வேலை பழக ஒரு பொடியனும் இல்லை. "ஸ்கேனர் வேலைக்குத்தான் போறானுகள்" என்றார், கோபம் இல்லாமல். ஸ்கேனர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு கோடைத்தான் காட்டும், காரணத்தை மனிசன்தான் தேட வேண்டும். தேடுகிற ஒழுங்கைத்தான் நான் அந்த இரண்டு நாளில் பார்த்தேன். கையில் அகப்படுகிற ஸ்குரூவை முதலில் திருகாமல், எது வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை, அதுக்குப் பிறகு கை.

கலைப் பீடத்தில் படிக்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். எங்கட பகுதியின் நாட்டார் கவிகளைச் சேகரித்து வைத்தது போல இதையும் சேகரிக்க வேண்டும். எஞ்சின் "தும்முது" என்றால் பெற்றோல் குறைவு, "இருமுது" என்றால் கூட என்று அவர் பிரிக்கிறார். இந்தச் சொற்கள் எந்த அகராதியில் இருக்கின்றன? பாடத்துக்கு ஆய்வுத் தலைப்புத் தேடி அலைகிறவர்கள் மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் உள்ள பழைய கராஜ்களில் அரை நாள் இருந்து பாருங்கள். நான் அடுத்த லீவுக்கு ஒரு கொப்பியோடு அவரிடம் போகப் போகிறேன். வர விருப்பமானவர்கள் சொல்லுங்க. காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கு.