மூஸ் ஜா: சமவெளி நகரம்
கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ரெஜைனாவுக்கு மேற்கே, கோதுமைச் சமவெளியில் இருக்கிறது மூஸ் ஜா. 1880களில் கனடியன் பசிபிக் ரயில் பாதையோடு முளைத்த ஊர், 1903இல் நகரமானது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 33,665. விமானப்படைத் தளமும் ஸ்னோபேர்ட்ஸ் வான்சாகசக் குழுவும் அதற்குப் புகழ் சேர்த்தவை. ஆனால் முதலில் நினைக்க வேண்டியது க்வாங் விங் வழக்கைத்தான். சீனர்களின் கடைகளில் வெள்ளையினப் பெண்கள் வேலை செய்வதை 1912இல் மாகாணச் சட்டம் தடைசெய்தது. இங்கே உணவகம் நடத்திய க்வாங் விங், அப்படி இரு பெண்களை வேலைக்கு வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். முறைப்படி குடியுரிமை பெற்றவர் அவர். இருந்தும் சட்டம் அவரைச் சீனராக மட்டுமே பார்த்தது. அந்த வெளிப்படையான அநீதியை 1914இல் கனடா உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. நீதிபதி இடிங்டன் ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.