போர் முடிந்த பிறகு வெடித்த கண்ணிவெடி... விபத்தா, போர்க்காயமா?

பனமலை ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் மல்லாட்டையும் போடும் விவசாயி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு 76 வயது. 1968-ல் ராணுவத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்தவர். 1972 ஜனவரியில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தபோது பக்கத்தில் ஒன்று வெடித்து, இடது முழங்காலுக்குக் கீழே சில்லுகள் பாய்ந்தன. மூன்று மாதம் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். பிறகு மருத்துவத் தகுதி குறைக்கப்பட்டு, ஸ்டோர் வேலையில் வைக்கப்பட்டு, 15 வருடம் முடித்து 1983-ல் ஊர் திரும்பினார். இன்றுவரை சாதாரண சர்வீஸ் பென்ஷன் மட்டும்தான் வருகிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'காயம் – விபத்து' என்று ஒரே வரி. காரணம், காயம் பட்ட தேதிக்கு முன்பே போர் நின்றுவிட்டதாம்.

நடவு வயலில் சேற்றில் கால் வைத்தால் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது. "கால்ல இருக்கறது கல்லு இல்லடா, இரும்புடா" என்று அப்பா சொல்வாராம். இத்தனை வருடம் கழித்து அந்த ஒரு வரியைத் திருத்த முடியுமா, திருத்தினால் பலன் உண்டா என்பதுதான் மகனின் கேள்வி.

கேட்கலாம். பலனும் உண்டு. ஆனால் 'பென்ஷனை உயர்த்தித் தாருங்கள்' என்று பொதுவாக மனு எழுதினால் ஒன்றும் நடக்காது. பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நிலத்தோடு பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். தாத்தா காலத்திலிருந்து உழுத நிலம், யு.டி.ஆர்.-ல் வேறு பெயரில் ஏறிவிட்டால், எத்தனை போகம் எடுத்தாலும் பட்டா சொல்வதுதான் செல்லும். முதலில் பதிவைத் திருத்த வேண்டும், கடனும் மானியமும் அதற்குப் பிறகு. ராணுவத்திலும் அப்படியே. காலில் இருக்கும் தழும்பு சாட்சி. ஆனால் பணத்தைத் தீர்மானிப்பது, அந்தக் காயத்துக்குக் காகிதத்தில் வைத்த பெயர்.

அந்தப் பெயர்கள் என்னென்ன? பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 தேதியிட்ட ஆணை, மரணத்தையும் ஊனத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பணிக்குச் சம்பந்தமில்லாத இயற்கைக் காரணம் ஏ வகை. பணியால் வந்த, அல்லது பணியால் மோசமான நோய் பி வகை. கடமையின்போது நடந்த விபத்து சி வகை. இவற்றில் பி, சி இரண்டுக்கும் கிடைப்பது டிஸபிலிட்டி பென்ஷன். இ வகை என்பது எதிரித் தாக்குதல், எல்லைச் சண்டை போன்றவை. அதற்குக் கிடைப்பது வார் இன்ஜுரி பென்ஷன், அதாவது போர்க்காய ஓய்வூதியம்.

பனமலை வாசகரின் அப்பாவுக்கு முக்கியமான விஷயம் இந்த இ வகைக்குள்தான் இருக்கிறது. கண்ணிவெடி புதைக்கும்போதோ அகற்றும்போதோ ஏற்படும் காயத்தை அந்த வகையில் தனியாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். எதிரி வைத்த வெடியாக இருந்தாலும் சரி, நம் படை வைத்ததாக இருந்தாலும் சரி. அந்த நிமிடத்தில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

1971 போர் டிசம்பர் 3-ல் தொடங்கியது. கிழக்கில் 16-ம் தேதி பாகிஸ்தான் படை சரணடைந்தது. மேற்கில் 17-ம் தேதி சண்டை நின்றது. ஆனால் கண்ணிவெடிக்குப் போர்நிறுத்தம் தெரியாது. ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் பாகிஸ்தான் படை அடர்த்தியாகக் கண்ணிவெடி புதைத்திருந்தது. நம் மதராஸ் ரெஜிமென்ட்டின் 16-வது பட்டாலியன் அந்த ஆற்றைக் கடந்து போரிட்டது. டாங்கிகளுக்குப் பாதை திறந்து கொடுத்தவர்கள் பொறியியல் படைவீரர்கள். சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானது 1972 ஜூலையில். பிடித்த பகுதிகளிலிருந்து படைகள் திரும்பியது அந்த வருடக் கடைசியில். இடைப்பட்ட மாதங்களிலும் அந்த மண்ணில் ஆட்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே, 'போர் முடிந்த பிறகு பட்ட காயம், அதனால் விபத்து' என்று ஒரு எழுத்தர் எழுதியிருந்தால், அது தேதியைப் பார்த்து எழுதியது. செய்த வேலையைப் பார்த்து எழுதியதல்ல. மனுவில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பண வித்தியாசம் எவ்வளவு? பணியில் தொடர்ந்து வைக்கப்பட்டு, பிறகு ஓய்வு பெற்றவருக்கு 100 சதவிகித ஊனம் என்றால் போர்க்காயப் பகுதி சம்பளத்தில் 60 சதவிகிதம். சாதாரண டிஸபிலிட்டி பகுதி 30 சதவிகிதம். ஊனம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். 20 சதவிகிதத்துக்குக் கீழே போனால் இவர் போன்றவர்களுக்குக் கிடையாது. 20 சதவிகிதம் முதல் 50-க்குள் இருக்கும் ஊனத்தை 50 என்றே கணக்கிடும் முறை ஒன்றும் உண்டு. உடல்நிலை காரணமாக இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை, முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கணக்குக்காக, அடிப்படைத் தொகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊனம் 50 சதவிகிதமாகக் கணக்கிடப்பட்டால், போர்க்காயம் என்ற பெயரில் மாதம் 6,000 ரூபாய். விபத்து என்ற பெயரில் 3,000 ரூபாய். இப்போது அவர் வாங்குவதோ இரண்டும் இல்லை. கடமை நேரத்து விபத்து என்று வைத்தால்கூட சி வகையில் ஏதாவது வந்திருக்க வேண்டுமே! அதனால் மனுவில் முதல் கோரிக்கையாக இ வகையையும், அது ஏற்கப்படாவிட்டால் சி வகையையும் கேட்பது புத்திசாலித்தனம்.

1996-க்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். ஊனத்தோடு பணியில் வைக்கப்பட்டு 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் 2009 ஜூலை 1 முதல் இந்தப் பகுதி உண்டு என்று 2010 ஜனவரியில் ஆணை வந்துவிட்டது. ஒரே நிபந்தனை, அப்போது அதற்குப் பதிலாக மொத்தத் தொகை வாங்கியிருக்கக் கூடாது. அப்பாவிடம் இதை நினைவுபடுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே தனி வாரியம் இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று இல்லை. படைவீரர் சேர்ந்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே படை எண்ணும் பிரிவும் இருக்கும்.

முதல் கடிதத்தில் எதையும் வாதாட வேண்டாம். மருத்துவமனையில் சேர்த்த குறிப்பு, காய அறிக்கை, காயம் பற்றி வெளியிட்ட பார்ட்-2 ஆர்டர், ஓய்வின்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை ஆகியவற்றின் நகலை மட்டும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த மனுவில் அப்பாவே கையெழுத்துப் போட வேண்டும். மகன் பெயரில் போட்டால், 'மூன்றாம் நபரின் சொந்தத் தகவல்' என்று திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

நகல்கள் வந்த பிறகு இரண்டாவது கடிதம். பதிவில் உள்ள 'விபத்து' என்பதை, கண்ணிவெடி அகற்றும் பணியில் ஏற்பட்ட போர்க்காயம் என்று திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தின்படி போர்க்காயப் பகுதியை வழங்க வேண்டும். இரண்டு கோரிக்கைகளும் தனித்தனியாக, எண்ணிட்டு இருக்கட்டும். விழுப்புரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலமாக அனுப்பினால் கடிதத்துக்கு ஒரு தடம் கிடைக்கும். ஸ்பீட் போஸ்ட்டில் நேரடியாகவும் ஒரு பிரதி போகட்டும்.

காகிதம் கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டியதில்லை. போர்க்களத்தில் ஒவ்வொரு பிரிவும் போர் நாட்குறிப்பு எழுதும். அந்தத் தேதியில் பிரிவு எங்கே, என்ன வேலையில் இருந்தது என்பது அதில் தெரியும். கூட இருந்த ஒருவர் உயிரோடு இருந்தால் அவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி அப்பாவின் காலிலேயே இருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இரும்புச் சில்லு வெள்ளையாகத் தெரியும். ஸ்டோரில் கால் வழுக்கி விழுந்தவருக்குச் சில்லு ஏறாது! (இடையில் ஒரு எச்சரிக்கை: உடலில் இரும்புச் சில்லு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுக்கும்.)

தாமதம் பற்றி. 1983-ல் குறைந்த மருத்துவத் தகுதியோடு ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், 1999-ல்தான் உயர் நீதிமன்றம் போனார். தர்சேம் சிங் வழக்கு என்று பெயர். மாதாமாதம் பென்ஷன் குறைவது தொடரும் தவறு, அதனால் தாமதம் மட்டுமே உரிமையை அழித்துவிடாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களுக்குத்தான். இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒரு வருடப் பணம் போகும். அதைவிடப் பெரிய அவசரம், ஊன சதவிகிதத்தை அளக்க மருத்துவக் குழு முன்பு அவர் நேரில் நிற்க வேண்டியிருக்கும் என்பது. 76 வயதில் அது தள்ளிப்போட வேண்டிய காரியமல்ல.

மறுத்து உத்தரவு வந்தால், துறைக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. அதற்கும் பிறகு சென்னையில் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். 'வரும் தொகையில் பாதி' என்று பேரம் பேசும் தரகர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. அவர்களிடம் அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொடுக்கவே கூடாது.

இதே விஷயத்தில் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் கேட்டிருக்கிறார். அவருடைய கணவர் காஷ்மீர் எல்லைக் காவலில் குளிரில் மூச்சுத் திணறி இறந்தார். சுடப்பட்டு இறக்கவில்லை என்பதால் 'நோய்' என்று எழுதிவிட்டார்கள். கணவரே இல்லாதபோது மனைவி திருத்தம் கேட்க முடியுமா?

முடியும். 2013 ஜனவரியில், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அருகே ரோந்து போன ஒரு நாயக், கடும் குளிரில் மூச்சுத் திணறி இறந்தார். வானிலை மோசமாக இருந்ததால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. முதலில் 'பேட்டில் கேஷுவல்டி' என்று எழுதி, பிறகு 'பிசிகல் கேஷுவல்டி' என்று மாற்றிவிட்டார்கள். மனைவி தீர்ப்பாயம் போய் வென்றார். அரசு உச்ச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2024 டிசம்பரில் மனைவிக்கே சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவரை அலைக்கழித்ததற்காக அரசு 50,000 ரூபாய் தர வேண்டும் என்றும் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசீ உத்தரவிட்டார்கள். அந்த அம்மா கேட்க வேண்டியது தாராளமயமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம். சாதாரணக் குடும்ப பென்ஷனைவிட அது கணிசமாக அதிகம். கணவர் இறந்த அன்று பிரிவிலிருந்து வந்த தந்தி அல்லது கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும். மேலே சொன்ன வழக்கைப் போல முதலில் ஒன்று எழுதி பிறகு மாற்றியிருந்தால், அந்தக் கடிதம்தான் அவருடைய வழக்கின் உயிர்.

2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்று ஒரு இலவச சட்ட உதவித் திட்டம் தொடங்கியிருக்கிறது. படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது அந்த உதவி மையம் பற்றியும் இரண்டு குடும்பத்தாரும் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்ய வேண்டாம். திருத்தம் ஏற்கப்பட்டால் அந்தப் பக்கத்தில்தான் புதிதாக எழுதி முத்திரை வைப்பார்கள்.