பஞ்சாங்கத்தால் கடை நடக்குமா?

நம் நாட்டில் ஒருவன் புதிதாக ஒரு கடையோ, ஒரு மாவு மில்லோ, ஒரு எண்ணெய்ச் செக்கோ வைக்க வேண்டுமென்று எண்ணினால் முதல் முதல் யாரிடம் போகின்றான்? சரக்கு வாங்கப் போகின்ற ஜனங்களிடம் போகின்றானா? அதே தொழிலைச் செய்து லாபமோ நஷ்டமோ கண்டவனிடம் போகின்றானா? இல்லை. நேரே ஜோசியனிடம் போகின்றான். ராசிக்கு ஏற்ற தொழில் எது, எந்த மாதத்தில் தொடங்கலாம், கல்லாப்பெட்டி எந்தத் திசை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கின்றான். பிறகு கணபதி ஹோமம், வாஸ்து பூஜை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம் என்று சில ஆயிரம் ரூபாயைப் புகையாக்கிவிட்டுக் கடையைத் திறக்கின்றான். எத்தனை பேர் வாங்குவார்கள், ஒரு மாதத்தில் எவ்வளவு விற்றால் வாடகைக்குக் காணும் என்ற இரண்டு கேள்விகளை மாத்திரம் அவன் யாரிடமும் கேட்பதில்லை, தன்னையும் கேட்டுக்கொள்வதில்லை.

நாம் கேட்கின்றோம்: இன்று இழுத்து மூடிக் கிடக்கும் கடைகளெல்லாம் கெட்ட நேரத்தில் திறந்தவைகளா? ஒவ்வொன்றும் நல்ல நாள், நல்ல ஓரை பார்த்துத் திறந்தவைதானே! இராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, குளிகை ஒன்றரை மணி என்று பகலில் நாலரை மணியைப் பஞ்சாங்கம் பிடுங்கிக்கொள்ளுகின்றது. இராகு காலத்தில் கடையைத் திறக்க அஞ்சுகின்ற வியாபாரி, இராகு காலத்தில் வந்து வாங்கினவன் கொடுத்த ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றானா? கொடுக்கமாட்டான். அப்பொழுது மாத்திரம் அவனுக்குப் பகுத்தறிவு வந்துவிடும். அந்த அறிவைக் கடை திறப்பதற்கு முன்னாலேயே கொஞ்சம் உபயோகித்தால் என்ன என்பதுதான் நமது கேள்வி.

புதுக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "லாபம்" என்று எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் ஒன்றும் இராது. லாபத்தை முதல் பக்கத்தில் எழுதிவிட்ட பிறகு கணக்கு எதற்கு என்று இருந்துவிடுகின்றான் போலும்!

இது ஒரு புரோகிதம். இப்பொழுது இரண்டாவது புரோகிதம் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கின்றது. பாங்கியில் கடன் கேட்டாலும், மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் கேட்டாலும், "திட்ட அறிக்கை கொண்டுவா" என்கின்றார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் நம்மவன் என்ன செய்கின்றான்? ஒரு தரகனிடம் போய்ப் பணம் கொடுக்கின்றான். தரகன் எங்கோ யாருக்கோ எழுதிய இங்கிலீஷ் அறிக்கையில் பேரையும் ஊரையும் மாற்றி அச்சிட்டுக் கொடுக்கின்றான். அதில் முதல் வருஷ விற்பனை இவ்வளவு, ஐந்தாம் வருஷ லாபம் இவ்வளவு என்று அழகழகான எண்கள் இருக்கும். கையெழுத்துப் போடுகின்றவனுக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. கல்யாண வீட்டில் புரோகிதர் வடமொழியில் ஏதோ சொல்ல, மாப்பிள்ளை விளங்காமல் திருப்பிச் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே போவது தட்சணையோடு போய்விடும். இங்கேயோ கடன் தலைமேல் நிற்கும். விளங்காத எண்களுக்காக வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போகும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான்: தொழில் வைக்கின்றவன் தன் திட்டத்தைத் தானே, தன் பாஷையில், தன் கையால் எழுத வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. என்ன விற்கப் போகின்றோம், யார் வாங்குவார்கள், இப்பொழுது அவர்கள் எங்கே என்ன விலைக்கு வாங்குகின்றார்கள், முதல் எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு, எவ்வளவு விற்றால் கைக்கும் வாய்க்கும் சரியாகும், விற்காவிட்டால் எத்தனை மாதம் தாங்குவோம் என்ற கேள்விகளுக்கு நேர்மையான பதில் எழுதினால் அதுவே திட்டம்.

உதாரணத்திற்குச் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூரை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் அது. உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அன்றியும் 9-ம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற சமணர் எழுதிய "கணித சார சங்கிரகம்" என்னும் கணக்குப் புத்தகத்தில் வட்டிக் கணக்குகள்கூட உண்டு. அது சென்னையில் 1912-ல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. படைத்தவன் இல்லை என்று சொன்ன மதமும், வட்டிக் கணக்குச் சொன்ன மதமும் நிலைத்த பூமியில்கூட ஜனங்கள் கணக்கை விட்டுப் பஞ்சாங்கத்தைப் பிடித்தால், பிறர் ஊர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வூரில் ஒருவர் கடலை எண்ணெய்ச் செக்கு வைக்க எண்ணுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். செஞ்சி வட்டாரம் நெல்லும் மணிலாக் கொட்டையும் விளையும் இடம். ஆதலால் எண்ணம் தப்பில்லை. இனி விலைகளை ஒரு பேச்சுக்குச் சொல்லுகின்றோம். அவரவர் தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளட்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 12,000 ரூபாய். அதை ஆட்டினால் 42 லிட்டர் எண்ணெயும் 55 கிலோ பிண்ணாக்கும் வருகின்றதென்று வையுங்கள். எண்ணெய் லிட்டர் 270 வீதம் 11,340 ரூபாய். பிண்ணாக்கு கிலோ 40 வீதம் 2,200 ரூபாய். ஆக 13,540 ரூபாய். பருப்பு விலை போக 1,540 ரூபாய். கரண்டு, பாட்டில், வண்டிக்கூலி 440 ரூபாய் கழித்தால் 100 கிலோவுக்கு மிச்சம் 1,100 ரூபாய்.

இப்பொழுது மாதச் செலவைப் பாருங்கள். வாடகை 4,000, ஆள் சம்பளம் 12,000, கடன் தவணை 8,000, தன் குடும்பச் சாப்பாட்டுக்கு 15,000; மொத்தம் 39,000 ரூபாய். இதை 1,100 ரூபாய் வீதம் ஈட்ட வேண்டுமானால் மாதம் 3,545 கிலோ பருப்பு ஆட்டி, சுமார் 1,490 லிட்டர் எண்ணெய் விற்க வேண்டும். வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் என்று வைத்தால் சுமார் 500 வீட்டார் வேறெங்கும் வாங்காமல் இந்தச் செக்கிலேயே வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் விற்றால்தான் ஒரு ரூபாயாவது சேரும்.

இந்த 500 வீடு என்ற எண்ணை எந்த ஜோசியனாவது சொன்னானா? தரகனுடைய அறிக்கையிலாவது இருந்ததா? ஒரு தாளும் ஒரு பென்சிலும் சொல்லிவிட்டன. இதைக் கண்டு பயந்து தொழிலை விட்டுவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. 500 வீடு இல்லையென்றால் குடியானவர்கள் கொண்டுவரும் பருப்பைக் கூலிக்கு ஆட்டித் தரலாமா, செஞ்சி, திண்டிவனம் கடைகளுக்கு மொத்தமாகப் போடலாமா, சின்ன யந்திரம் வாங்கித் தவணையைக் குறைக்கலாமா என்று யோசிக்க அந்த எண் வழி காட்டுகின்றது. கணக்கு தடுப்பதில்லை, திருத்துகின்றது.

நிற்க. மேலே சொன்ன கணக்கில் ஒரு பெரிய மோசடி இருக்கின்றது. நம் ஆண்களில் அநேகர் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அந்தக் கடையில் பருப்பைப் புடைப்பது யார்? பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டுவது யார்? ஐயா வெளியே போனால் கல்லாவில் உட்காருவது யார்? வீட்டு அம்மாள். அந்த அம்மாளுக்கு எவ்வளவு கூலி எழுதியிருக்கின்றது? ஒரு காசும் இல்லை. வெளி ஆளுக்குச் சம்பளம் உண்டு, பெண்டாட்டிக்கு இல்லை. அவருக்கும் மாதம் 8,000 ரூபாய் எழுதிப் பாருங்கள். செலவு 47,000 ஆகின்றது. 500 வீடு 600 வீடாகின்றது. அப்படியானால் அநேகர் லாபம் என்று சொல்லிக்கொள்ளுவது தொழிலின் லாபமே அல்ல, மனைவிக்குக் கொடுக்காத கூலி என்று விளங்கவில்லையா? தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது முதல் எத்தனையோ பெண்கள் கூட்டம் கூடித் தாங்களே வரவு செலவு எழுதிப் பழகியிருக்கின்றார்கள். வீட்டுத் தொழிலின் கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே தங்கள் கூலியை எழுதிக்கொள்வார்கள். கொடுக்க மனம் வராததற்கு அதுவே காரணமோ என்னவோ!

இன்னொரு சங்கதி கடன் பாக்கி. 500 வீட்டுக்கு மாதம் சுமார் 4 லட்சம் ரூபாய்க்கு எண்ணெய் போகின்றது. அதில் கால் பங்கு "அடுத்த மாதம் தருகின்றேன்" என்று போனால் எந்நேரமும் 1 லட்சம் ரூபாய் ஊரிலேயே நின்றுவிடும். அறுவடைக் காலத்தில் கொட்டை மலிவாக வரும்பொழுது வாங்கி வைக்க வேண்டிய பணம் அதுதான். விற்பனை அமோகம், கையில் காசில்லை என்று வியாபாரிகள் விழிப்பதன் ரகசியம் இது. சனி பகவானுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

கூட்டத்தைக் கண்டு ஏமாறுவது மற்றொரு வியாதி. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை ஜனம்! கடை வைத்தால் பணம் கொட்டும்" என்கின்றான். வருஷத்திற்கு 12 அமாவாசை, சில வருஷம் 13. மற்ற 350 நாளும் வாடகை யார் கொடுப்பது? அம்மன் கொடுப்பாளா? அதுபோலவே 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக்கப்பட்டது. மகிழ்ச்சியே. அதை நம்பிச் சாப்பாட்டுக் கடையோ தங்கும் விடுதியோ வைக்க நினைக்கின்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமையும், மழை நாளும், சித்திரை வெயிலும் கோட்டை வாசலில் நின்று வருகின்ற தலைகளை எண்ணட்டும். அவர்களில் எத்தனை பேர் சோற்றுப் பொட்டலத்தோடு வருகின்றார்கள் என்பதையும் எண்ணட்டும்.

திட்டமில்லாதவனுக்குப் பாங்கியின் கதவு திறப்பதில்லை. தண்டல்காரன் கதவு எப்பொழுதும் திறந்திருக்கும். கையில் 8,500 ரூபாய் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகின்றான் என்று வையுங்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகின்றபடியால் வருஷக் கணக்கில் நூற்றுக்கு நூறுக்கும் மேலான வட்டி அது. 2003-ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் செய்தார்கள். சட்டம் இருந்தும் கந்துவட்டி ஒழியாததற்கு, வாங்குகின்றவன் கணக்குப் போடத் துணியாததும் ஒரு காரணம். மற்றொரு பக்கம், 2008-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமத்தில் தொழில் வைக்கும் பெண்கள், ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோருக்குத் திட்டச் செலவில் நூற்றுக்கு 35 பங்கு மானியமென்றும், கைமுதல் 5 பங்கு போதுமென்றும் விதி செய்தார்கள். திட்டம் எழுதத் தெரிந்தவனுக்கு இவ்விரண்டில் எது வேண்டுமென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது ஜாதி விஷயமும்கூட என்பதை மறக்கக்கூடாது. செக்காட்டுவது வாணியருக்கு, சிரைப்பது நாவிதருக்கு, தைப்பது இன்னாருக்கு என்று பிறப்பே திட்டம் எழுதி வைத்த நாடு இது. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் அரை நாள் படிப்பு, அரை நாள் தகப்பன் தொழில் என்றார், நாடு பொறுக்கவில்லை, 1954-ல் அது ஒழிந்தது. 2023 செப்டம்பர் 17-ந் தேதி, பெரியார் பிறந்த அந்த நாளிலேயே, மத்திய அரசாங்கம் விஸ்வகர்மா திட்டம் என்று பரம்பரைக் குடும்பத் தொழிலுக்கு 18 தொழில்களைக் குறித்துக் கடன் கொடுக்க வந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் அதை அந்த உருவத்தில் ஏற்க மறுத்து, குலம் கேளாத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே வகுத்தது. நாம் சொல்லுவது, தொழிலைத் தகப்பன் பெயர் தீர்மானிக்கக்கூடாது, தாளிலுள்ள கணக்கு தீர்மானிக்க வேண்டும் என்பதே. கணக்குக்கு ஜாதி தெரியாது. பறையர் போட்டாலும் பார்ப்பனர் போட்டாலும் 39,000-ஐ 1,100-ஆல் வகுத்தால் ஒரே விடைதான் வரும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று ஒரு பழமொழி சொல்லி நம்மை வாயடைக்கப் பார்ப்பார்கள். உழக்குக்கூட மிஞ்சவில்லை என்று கண்டவன் அடுத்தபடியாக என்ன கேட்பான்? மிஞ்சவேண்டியது எங்கே போயிற்று என்று கேட்பான். குத்தகையில் எவ்வளவு, வட்டியில் எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று கேட்பான். அந்தக் கேள்வி பிறக்காமல் இருப்பதற்காகவே கணக்குப் பார்க்காதே என்று அவனுக்குச் சொல்லி வைத்தார்கள். சொன்னவர்கள் யாரும் தங்கள் கணக்கைப் பார்க்காமல் விட்டதில்லை.

பெரியாரே ஈரோட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தை விட்டுச் சுமார் 12 வயதில் தகப்பனார் மண்டியில் உட்கார்ந்தவர். கணக்குக் கேட்கும் புத்தி கடவுளையும் கணக்குக் கேட்டதில் ஆச்சரியமென்ன?

ஆதலால், தொழில் தொடங்க எண்ணும் வாலிபர்களுக்கும் பெண்மக்களுக்கும் நாம் சொல்லிக்கொள்ளுவது: ஹோமத்திற்கு ஒதுக்கிய பணத்தை மூன்று மாத வாடகைக்காக எடுத்து வையுங்கள். ஜோசியனிடம் போகும் நேரத்தில் ஐம்பது வீட்டு வாசலில் நின்று என்ன வாங்குகின்றீர்கள், எங்கே வாங்குகின்றீர்கள் என்று விசாரியுங்கள். திட்டத்தை நீங்களே தமிழில் எழுதி, உங்களை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். தரகனோ பாங்கிக்காரனோ அதை இங்கிலீஷில் எழுதிக்கொள்ளட்டும். எண்கள் உங்களுடையவைகளாக இருக்கட்டும். எந்த எண்ணுக்குக் காரணம் சொல்ல முடியவில்லையோ அந்த எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போடாதீர்கள். சுயமரியாதை என்பது மேடைப் பேச்சு மாத்திரமல்ல. தன் கடனும் தன் லாபமும் எங்கிருந்து வருகின்றன என்று தானே அறிந்திருப்பதும் சுயமரியாதைதான்.